மனநல மருத்துவரிடம் போகும் முன்னும், மாத்திரை தொடங்கிய பின்னும்

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார். நாலு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். சாப்பாடு குறைந்துவிட்டது, யாரோடும் பேச்சில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய அல்பிரசோலாம் 0.5 மாத்திரையை மூன்று மாதமாக இரவில் போடுகிறார். மாமனாருக்கும் இளவயதில் ஏதோ மனக்கோளாறு இருந்ததாகச் சொல்வார்கள். என் மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. ஓரிடத்தில் உட்காருவதில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்கிறது பள்ளி. இருவரையும் யாரிடம் காட்டுவது? என்ன கேட்பார்கள்? மாத்திரை ஆரம்பித்தால் ஆயுளுக்கும் போட வேண்டுமா?
— ஒட்டன்சத்திரம் பகுதியிலிருந்து ஒரு வாசகி

பதில்: மற்றதெல்லாம் அப்புறம், சகோதரி. அந்த அல்பிரசோலாமை இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். மூன்று மாதம் தினமும் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும். சட்டென்று நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், சிலருக்கு வலிப்பே வந்துவிடும். டாக்டரைப் பார்க்கும்வரை அதே அளவு போகட்டும், கூட்டவும் வேண்டாம். மாத்திரை போடும் காலத்தில் மது தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தப்படும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 முதல் 25 சதவீதம் என்று டாக்டர் படிப்படியாகக் குறைப்பார், அல்லது உடம்பில் நெடுநேரம் தங்கும் வேறு மாத்திரைக்கு மாற்றிக் குறைப்பார். இது சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டுதான் தர வேண்டும் என்று விதி இருப்பதே இந்த ஆபத்துக்காகத்தான்.

யாரிடம் போவது? தூக்கமில்லை, தலை பாரம் என்றால் நம் ஊர்களில் ‘நரம்பு டாக்டர்’ என்று கிளம்பிவிடுகிறோம். அவர் வலிப்பு, பக்கவாதம் போன்றவற்றைப் பார்ப்பவர். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் கணவருக்கு இருப்பது மனச்சோர்வாக இருக்கலாம், அவருக்குத் தேவை மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, சைக்கியாட்ரியில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். பெயர்ப்பலகையில் ‘மனநல ஆலோசகர்’ என்று மட்டும் இருந்தால் படிப்பைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் வேறு. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சோதனைகள் செய்வார், கவுன்சலிங் தருவார், மாத்திரை எழுத மாட்டார். பல பேருக்கு இருவருமே தேவைப்படுவார்கள்.

திண்டுக்கல் அரசு மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. ஓபி சீட்டுப் போட்டுக் காலையிலேயே போய்விடுங்கள், மருந்து இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வட்டார மருத்துவமனைகளுக்கும் வருவார். எந்த நாள் என்று அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416. டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

தனியார் மருத்துவமனையில் முதல் சந்திப்புக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குவார்கள். அரசு ஓபியில் கூட்டத்தைப் பொறுத்து அது பத்து நிமிடமாகவும் சுருங்கும். அதனால் ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். எந்த மாதம் தொடங்கியது, அப்போது வீட்டிலோ மண்டியிலோ என்ன நடந்தது? எத்தனை மணிக்குப் படுக்கிறார், எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது? எடை எவ்வளவு குறைந்தது? கணக்கில் தப்பு வருகிறதா? மது, புகையிலை எவ்வளவு? மறைக்காமல் எழுதுங்கள், மருந்தைத் தேர்ந்தெடுப்பதே அதை வைத்துத்தான். சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி என்று எதற்கு மாத்திரை போட்டாலும் காலி அட்டையோடு எடுத்துப் போங்கள். டிரமடால் போன்ற சில வலி மாத்திரைகள் மனச்சோர்வு மருந்தோடு ஒத்துப்போகாது.

அந்தப் பக்கத்தில் இன்னொரு கேள்விக்கும் பதில் வேண்டும். பல வீடுகளில் சொல்லாமல் விட்டுவிடுவது இதைத்தான். முன்பு எப்போதாவது சில நாட்கள் தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல், ஓயாமல் பேசி, தாராளமாகச் செலவு செய்து, கடன் வாங்கிப் புதுத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று கிளம்பினாரா? இருந்திருந்தால் இது வெறும் மனச்சோர்வு இல்லை, இருமுனை மனநிலைக் கோளாறாக இருக்கலாம். அவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் மனநிலை எதிர்ப்பக்கம் எகிறிவிடலாம். அந்த நாட்களை அவர் நோயாக நினைத்திருக்க மாட்டார், ‘அப்போ நல்லா சுறுசுறுப்பா இருந்தேன்’ என்றுதான் சொல்வார். கூட இருந்தவர்தான் சொல்ல வேண்டும். மாமனாருக்கு இருந்தது என்ன என்பதையும் மாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தார்களா, மாதக்கணக்கில் படுத்தே கிடந்தாரா, எந்த மருத்துவமனையில் காட்டினார்கள் என்ற அளவுக்குத் தெரிந்தால்கூட உதவும்.

ரத்தத்தில் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12 பார்க்கச் சொல்வார்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே சோர்வு, இதே மந்தம் வரும். தலையில் அடிபட்டதோ வலிப்போ இல்லாதபோது ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது.

தற்கொலை எண்ணம் பற்றியும் டாக்டர் நேராகவே கேட்பார். நீங்களும் கேட்கலாம்: “செத்துப்போயிடலாமான்னு தோணுதாங்க?” கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், வராது. கேட்க ஆளில்லாமல் உள்ளேயே வைத்துக்கொள்வதுதான் ஆபத்து. வீட்டிலோ தோட்டத்திலோ பூச்சிமருந்து இருந்தால் இன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். நம் பக்கத்தில் பல உயிர்கள் போவது கை எட்டும் தூரத்தில் அந்த டப்பா இருந்ததால்தான். தூக்க மாத்திரை அட்டையும் உங்கள் கையில் இருக்கட்டும். ‘எப்படி’ என்று திட்டம் சொன்னாரென்றால் ஓபி நாளுக்குக் காத்திருக்காமல் 108.

இனி மருந்து. மனச்சோர்வு லேசாக இருந்தால் கவுன்சலிங் மட்டுமே போதும். இவருக்குச் சாப்பாடும் தூக்கமும் கெட்டு நாலு மாதம் ஆகிவிட்டதால் மாத்திரை எழுத வாய்ப்பு அதிகம். வழக்கமாகத் தொடங்குவது எஸ்சிட்டாலோபிராம் 5 மில்லிகிராம், ஒரு வாரம் கழித்து 10. அல்லது செர்ட்ராலின் 25, பிறகு 50. இதைச் சொல்வது சீட்டைப் புரிந்துகொள்வதற்காக, நீங்களே வாங்கிக் கொடுப்பதற்காக அல்ல.

முதல் பத்து நாள்தான் சோதனைக் காலம். குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, கொஞ்சம் கூடுதல் படபடப்பு என்று பக்கவிளைவுகள் அத்தனையும் முதலில் வரும், பலன் பின்னால் வரும். ‘மாத்திரை ஒத்துக்கலை’ என்று ஐந்தாம் நாளே நிறுத்திவிடுவது இதனால்தான். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். இரண்டாம் வாரத்திலிருந்து நாலாம் வாரத்துக்குள் தூக்கமும் பசியும் திரும்பத் தொடங்கும், முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். போதுமான அளவில் நாலு வாரம் போட்டும் துளி மாற்றமில்லை என்றால்தான் அளவையோ மருந்தையோ மாற்றுவார்கள். தாம்பத்தியத்தில் நாட்டமோ திறனோ குறைவதும் பக்கவிளைவுதான். வெட்கப்பட்டுச் சொல்லாமல், காரணமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடும் ஆண்கள் நிறையப் பேர். சொன்னால் மாற்று மருந்து உண்டு.

அடுத்து வழுக்கும் இடம் மூன்றாம் மாதம். ஆள் பழையபடி ஆகிவிடுவார், ‘சரியாயிடுச்சே, எதுக்கு மாத்திரை’ என்று தோன்றும். அறிகுறி முற்றிலும் நீங்கிய பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். அதற்குள் நிறுத்தினால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். பிறகு சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம். ஒரேயடியாக விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும். அது அடிமைப்பட்டதற்கு அடையாளம் இல்லை, வேகமாக நிறுத்தியதற்கு அடையாளம். ஆக, ஆயுளுக்குமா என்று கேட்டீர்களே, முதல் முறை வந்த மனச்சோர்வுக்கு அப்படி இல்லை. மறுபடி மறுபடி வந்தால் இரண்டு வருடமோ அதற்கு மேலோ போகும். இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு இரண்டும் நீண்டகாலச் சிகிச்சை கேட்பவை.

இருமுனை என்று தெரிந்து லித்தியம் எழுதினால் கவனம் இன்னும் கூட வேண்டும். அருமையான மருந்து. ஆனால் பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி சிறியது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் வரும் எண் தப்பு. சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் வியர்த்து நீர் வற்றினாலோ, பேதியானாலோ, பிரஷருக்கென்று திடீரென உப்பை நிறுத்தினாலோ, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது வந்தால் அடுத்த மாத்திரை கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மறு சந்திப்புக்குத் தவறாமல் போங்கள். முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று வரச் சொல்வார்கள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலிலேயே மாதாமாதம் வாங்கிக்கொண்டால், முதல் நாள் எழுதிய தொடக்க அளவே மூன்று வருடத்துக்கு ஓடும். அது குறைவாகவும் இருக்கலாம், என்றோ நிறுத்தியிருக்க வேண்டியதாகவும் இருக்கலாம். இரண்டு டாக்டரிடம் காட்டும்போது ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் சேர்ந்துவிடுவதும் உண்டு. அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் பாருங்கள். மாலை போட்டாலும் விரதம் இருந்தாலும் மாத்திரை தொடரட்டும், சாப்பாட்டு நேரம் மாறுவதை மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். குலதெய்வக் கோயிலுக்குப் போவதையும் எந்த மருத்துவரும் தடுக்கப் போவதில்லை. ‘மாத்திரையை விட்டால்தான் பலிக்கும்’ என்று யாராவது சொன்னால் அதற்கு மட்டும் இணங்காதீர்கள்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவருடைய விவரங்கள் ரகசியம். மண்டிக்கோ உறவினருக்கோ மருத்துவமனை சொல்லக் கூடாது. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையும் அவருக்கு உண்டு.

பையன் விஷயம் வேறு. எட்டு வயதில் ஓடித் திரிவது நோயல்ல. கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் சேர்ந்த கோளாறு, அதாவது ஏடிஹெச்டி என்று சொல்ல வேண்டுமானால் அறிகுறிகள் ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும், 12 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், வீடு பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பள்ளியில் மட்டும், அதுவும் கணக்கு வகுப்பில் மட்டும் என்றால் காரணத்தை வேறெங்கோ தேட வேண்டும். பார்வை, காது கேட்கும் திறன், ரத்தசோகை, குறட்டையால் கெட்ட தூக்கம், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் கற்றல் குறைபாடு, சில நொடி வெறித்துப் பார்க்கும் வகை வலிப்பு என்று பலவும் இதே முகத்தோடு வரும். அப்பா நாலு மாதமாகப் பேசாமல் இருக்கும் வீட்டில் பிள்ளை நிலைகொள்ளாமல் இருப்பதும் இயல்பே. அதனால் இந்தத் தொல்லை எப்போது தொடங்கியது, எல்.கே.ஜி.யிலிருந்தா, இந்த நாலு மாதமாகவா என்பதைச் சரியாகச் சொல்லுங்கள்.

பையனையும் மனநலப் பிரிவிலேயே காட்டலாம். ஒரே நாளில் முடிவு சொல்ல மாட்டார்கள், இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். பிரசவத்தின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, எப்போது நடந்தான் பேசினான் என்ற விவரம், மதிப்பெண் அட்டை, எல்லாப் பாட நோட்டுகளும் வேண்டும். திருத்திய பழைய நோட்டுகளை எடுத்துப் போங்கள், புது நோட்டில் ஒன்றும் தெரியாது. வகுப்பாசிரியரிடம் ‘சேட்டை’ என்று எழுதி வாங்காமல், எந்த வகுப்பில், எத்தனை நிமிடத்தில், என்ன செய்கிறான் என்று எழுதி வாங்குங்கள். பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனிக் கேள்வித்தாள் தருவார்கள். உங்கள் தாளைப் பார்த்து அவர் நிரப்பக் கூடாது. பையனிடம் ‘ஊசி போடுவாங்க’ என்று மிரட்டாதீர்கள். ‘படிக்கும்போது உனக்கு எது கஷ்டமா இருக்குன்னு பேசப் போறோம்’ என்றால் போதும்.

ஏடிஹெச்டி என்று உறுதியானால் பெற்றோருக்கான பயிற்சியும் வகுப்பறை மாற்றங்களும் முதலில். முன்வரிசை இருக்கை, வேலையைச் சிறு துண்டுகளாகக் கொடுப்பது போன்றவை. அதுவும் போதாதபோது மருந்து: பெரும்பாலும் மெத்தில்பெனிடேட், 5 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக் கூட்டுவார்கள். தொடங்குமுன் உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் குறிப்பார்கள். குடும்பத்தில் யாராவது சிறுவயதில் திடீரென்று இதயம் நின்று இறந்ததுண்டா, பையன் எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா என்று கேட்டால் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

இது ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி சுமார் நாலு மணி நேரம் நிற்கும். பசியை அடக்கிவிடும் என்பதால் காலைச் சாப்பாட்டை வயிறு நிறையக் கொடுத்த பிறகே மாத்திரை. மதியச் சோற்றுடப்பா பாதியாகத் திரும்பி வந்தால் அடிக்காதீர்கள். மருந்தின் வேகம் அடங்கியதும் சாயங்காலம் பசி எடுக்கும், அப்போது முட்டை, பருப்பு, வேர்க்கடலை என்று ஈடுகட்டுங்கள். மாலையில் கொடுத்தால் ராத்தூக்கம் போய்விடும். நீண்டநேரம் வேலை செய்யும் வகை என்றால் தேனில் பொடித்துக் கொடுக்கவே கூடாது, நாள் முழுக்கக் கரைய வேண்டிய மருந்து ஒரேயடியாக உள்ளே போய்விடும். எல்லா மெடிக்கலிலும் இது கிடைக்காது, தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். டாக்டர் சொன்ன அளவில் சாப்பிட்டால் பிள்ளை இதற்கு அடிமையாக மாட்டான். ஆனால் அட்டை அவன் பையில் இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம் பார்க்க வேண்டும். கண் சிமிட்டல், தோள் வெட்டல் போன்ற அசைவு புதிதாக வந்தால் சொல்லுங்கள்.

இந்த மருந்து ஒத்துவராதவர்களுக்கு அட்டமாக்ஸெட்டின் உண்டு. எடைக்குத் தக்கபடி கொடுப்பது, பலன் தெரிய ஆறு வாரம் வரை ஆகும். பிள்ளைகளுக்கு இதையோ மனச்சோர்வு மாத்திரைகளையோ தொடங்கினால் முதல் சில வாரங்கள் உற்றுக் கவனிக்க வேண்டும். இனம்புரியாத எரிச்சல், சாவைப் பற்றிய பேச்சு, தன்னையே அடித்துக்கொள்வது தெரிந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மருந்து இன்னும் தேவையா என்று ஆண்டுக்கு ஒருமுறை டாக்டரே நிறுத்திப் பார்ப்பார். அதைக் கோடை விடுமுறையில் வைத்தால் ஒன்றும் தெரியாது. உட்கார வேண்டிய கட்டாயமே அப்போது இல்லை. பரீட்சை நேரமும் வேண்டாம். பள்ளி திறந்து வகுப்பு ஓரளவு பழகிய ஜூலை, ஆகஸ்ட் மாதத்தில் டாக்டர் சொன்னபடி இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்து, ஆசிரியரிடம் அதே கேள்வித்தாளை மறுபடி நிரப்பி வாங்கி டாக்டரிடம் கொடுங்கள்.