பசோலினியின் ‘அக்கத்தோனே’: சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இத்தாலிய எழுத்தாளரும் இயக்குநருமான பசோலினி எடுத்து, 1961இல் வெளிவந்த இப்படத்தின் பெயருக்கு என்ன பொருள்?

பதில்: பிச்சைக்காரன் என்பதை ஒட்டிய பட்டப்பெயர் அது. அப்பெயரால் அழைக்கப்படும் நாயகன் விட்டோரியோ என்ற இளைஞன்; மத்தலேனா என்னும் பெண்ணைப் பாலியல் தொழிலுக்குத் தெருவுக்கு அனுப்பி, அவள் கொண்டுவரும் காசில் வாழ்கிறான். அவள் சிறைக்குப் போனதும் அவனுக்குச் சோற்றுக்கே வழியில்லாமல் போகிறது.

கேள்வி: பசோலினி ரோமைச் சேர்ந்தவர் அல்லரே? படத்தில் வரும் ரோம் சேரிகளின் கொச்சைப் பேச்சு அவருக்கு எப்படி வந்தது?

பதில்: அவர் பொலோஞ்ஞாவில் பிறந்தவர், 1950இல்தான் ரோமுக்கு வந்தார். புறநகர்ச் சேரி இளைஞர்களைப் பற்றி இரண்டு நாவல்கள் எழுதிய பிறகே, 39 வயதில், இந்த முதல் படத்தைத் தந்தார். வசனங்களின் வட்டார வழக்கைச் சரிபார்க்க அப்பகுதியிலேயே வளர்ந்த செர்ஜியோ சித்தி துணை நின்றார். செர்ஜியோவின் தம்பி பிராங்கோதான் கதாநாயகனாக நடித்தவர். ஆனால் திரையில் நாம் கேட்பது பிராங்கோவின் குரல் அன்று, வேறொருவரின் பின்னணிக் குரல். அசல் மனிதர்களே வேண்டும் என்று தேடிப்போனவர் குரலை மட்டும் மாற்றினார் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

கேள்வி: இதை நவயதார்த்தப் படம் என்று சொல்லலாமா?

பதில்: எளியவர்களின் வாழ்வை நிஜத் தெருக்களில், பெரும்பாலும் தொழில்முறை நடிகரல்லாதவர்களைக் கொண்டு காட்டிய இத்தாலியத் திரை மரபு அது. இடமும் முகங்களும் அந்த மரபைச் சேர்ந்தவை, பார்வை வேறு. புழுதியில் அக்கத்தோனேயும், அவனைப் பிரிந்து வாழும் மனைவியின் சகோதரனும் கட்டிப் புரளும்போது பின்னணியில் ஒலிப்பது, இயேசுவின் பாடுகளைப் பாடும் ஜெர்மானிய இசைமேதை பாக்கின் ‘மத்தேயு பாடுகள்’. பொலோஞ்ஞாவில் ராபர்ட்டோ லோங்கியிடம் கலை வரலாறு பயின்றவர் பசோலினி. ஆகவே ஒளிப்பதிவாளர் தொனினோ தெல்லி கொல்லியின் படப்பிடிப்பில் அந்தப் போக்கிரிகளின் முகங்கள், தேவாலயச் சுவரில் தீட்டிய புனிதர்களைப் போல நம்மை நேருக்கு நேர் பார்க்கின்றன. பெண்களை விற்றுப் பிழைப்பவர்களின் சண்டைக்குத் தேவ இசையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்த உறுத்தலை உண்டாக்குவதே இயக்குநரின் நோக்கம் என்பேன்.

கேள்வி: பெண்ணை விற்றுப் பிழைப்பவனை இப்படம் நியாயப்படுத்துகிறதா?

பதில்: இல்லை. ஸ்தெல்லா என்னும் வெகுளிப் பெண்ணுக்குச் செலவழிக்க, தன் குழந்தையைக் கொஞ்சுவதுபோல் அணைத்து அதன் கழுத்துச் சங்கிலியையே கழற்றிக்கொள்கிறான்; அந்தக் காட்சியில் அவனுக்குச் சலுகையே இல்லை. அவளையும் தெருவுக்கு அனுப்பிவிட்டு, மனம் பொறுக்காமல், ஒருநாள் இரும்பு சுமக்கப் போகிறான், உடல் தாங்கவில்லை, திருட்டில் இறங்கி, காவலரிடமிருந்து தப்பியோடுகையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் விழுகிறான். “இப்போது நன்றாக இருக்கிறேன்” என்று சொல்லி இறப்பவன் முன், கூட்டாளி பாலில்லா விலங்கிட்ட கைகளால் சிலுவை அடையாளம் இடுகிறான், அதையும் தலைகீழாக.