இரவல் ஸ்போர்ட்ஸ் காரும் மனுவல் கியரும்: கேள்வி பதில்

கிளச், கியர்பொக்ஸ் வேலையோடு காலம் கழித்தவன் என்பதால் இந்தக் கேள்விகளை என்னிடம் தந்தார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, மச்சானிடம் லான்சர் இவோ 9 ஸ்போர்ட்ஸ் கார் இருக்கு. ஒரு நாளைக்குத் தாறன் என்கிறார். நான் பழகேக்க மட்டும்தான் மனுவல் ஓடினது, பிறகு முழுக்க ஓட்டோ கியர் விட்ஸ். கட்டுநாயக்கா போய் வரலாமா? (வெள்ளவத்தை)

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. 1000 சீசீ விட்ஸ் ஏறத்தாழ 70 குதிரைவலு. இவோ இரண்டு லீட்டர் டேர்போ, 280. ஹைவேயில் 100இல் நேராகப் போவதை நினைத்து நான் பயப்படவில்லை. காலி வீதிச் சிக்னலில் எஞ்சின் ஒருமுறை அணைந்துபோகும், பின்னால் பஸ்காரன் ஹோர்னில் கை வைப்பான். அந்தப் பதற்றத்தில் அக்ஸிலேட்டரைக் கூட மிதித்து, கிளச்சை டக்கென்று விடுவீர்கள். டேர்போ எஞ்சின் குறைந்த சுற்றில் சாதுவாக இருந்துவிட்டு, நிமிடத்துக்கு 3000 சுற்றைத் தாண்டினதும் ஒரேயடியாக இழுக்கும். முன்னால் நிற்கிற த்ரீவீலுக்கும் உங்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கும், சொல்லுங்கள்.

பிழையான கியர் விழுந்தால் எஞ்சின் உடையும் என்கிறார்கள். ரெவ் லிமிட்டர் காப்பாற்றாதா? (தெஹிவளை)

காப்பாற்றாது. இதை எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும். லிமிட்டர் செய்வது பெற்றோலையோ ஸ்பார்க்கையோ நிறுத்துவது மட்டும். நீங்கள் மிதித்து ஏற்றும் சுற்றை அது தடுக்கும். ஓடுகிற சில்லு கியர்பொக்ஸ் வழியாக எஞ்சினைச் சுழற்றினால் அதனிடம் தடுக்க ஒன்றுமில்லை.

மூன்றில் 6500 சுற்றில் போகிறீர்கள், நாலுக்குப் பதிலாக இரண்டு விழுகிறது. மூன்றின் கியர் விகிதம் (கியர்பொக்ஸின் வெளிப்பக்கம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் சுற்றும் அளவு) 1.4, இரண்டின் விகிதம் 1.95 என்றால் எஞ்சின் 9000 தாண்டும். வால்வு மூட நேரம் கிடைக்காமல் பிஸ்டன் வந்து அடிக்கும். கழற்றிப் பார்த்தால் வால்வுத் தண்டு வளைந்திருக்கும், பிஸ்டன் தலையில் பிறை மாதிரித் தழும்பு இருக்கும். எத்தனை சுற்று ஏறியது என்று பல கார்களின் கொம்பியூட்டரே பதிந்து வைத்திருக்கும், மறைக்கவும் ஏலாது.

காரணம் கைப்பிடிதான். நம் நாட்டுக் காரில் கியரைப் போடுவது இடது கை. இறுக்கிப் பிடித்து இழுத்தால் கை தன்னையறியாமல் வெளிப்பக்கம் தள்ளும், அங்கே இருப்பது இரண்டு. உள்ளங்கையைத் தளர்த்தி நேரே கீழே இழுங்கள். நடுவுக்குக் கொண்டுவருவது ஸ்ப்ரிங்கின் வேலை.

அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் இருந்து ஏறும்போது கருகிய மணம் வருது. (பம்பலப்பிட்டி)

கிளச் எரிகிறது. ஏற்றத்தில் கிளச்சைப் பாதியில் பிடித்து வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், ஹாண்ட் பிரேக் போடுங்கள். அது இரவல் கார் என்றால் மணத்தைச் சொந்தக்காரரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

இடித்தால் இன்சூரன்ஸ் தரும்தானே? (கொட்டாஞ்சேனை)

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மற்றவருக்கான நட்டத்துக்குத்தான், நீங்கள் ஓடும் காருக்குச் சதம் வராது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தாலும் லைசென்ஸைப் பார்ப்பார்கள். உங்களுடையது ஓட்டோவுக்கு மட்டும் என்றால் சாவியையே தொடாதீர்கள். கியர் மாறி விழுந்து உடைந்த எஞ்சின் விபத்துக் கணக்கில் வராது.

மழைக்கு? (கல்கிசை)

பின்சில்லு இழுக்கும் கார் என்றால் மழை நாளில் இரவல் வாங்கவே வேண்டாம். ஈர றோட்டில் எஞ்சின் சுற்றைச் சில்லின் வேகத்துக்குச் சமப்படுத்தாமல் கியரைக் குறைத்துக் கிளச்சை விட்டால் பின்சில்லு பிடியை இழக்கும், பின்பக்கம் சுழன்று முன்னே வரும். மழை தொடங்கின முதல் சில நிமிடம் எண்ணெயும் தூசியும் கலந்து இன்னும் வழுக்கும்.

மகன் சிநேகிதனின் ஹொண்டா டைப் ஆர் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி ஓடுறான். சொன்னால் கேக்கிறான் இல்லை. (வத்தளை)

அக்கா, மகனிடம் சொல்லிக் களைத்திருப்பீர்கள். அந்தச் சிநேகிதனோடு கதையுங்கள். சாவியைக் கொடுப்பவருக்கும் பொறுப்பு இருக்கிறது, அதை நான் அழுத்திச் சொல்வேன். மகன் முதலில் ஒரு சாதாரண மனுவல் காரில், பழக்குநரோடு நெரிசலிலும் ஏற்றத்திலும் ஓடிப் பழகட்டும். அதன்பிறகு ஞாயிறு விடியப்புறம் பத்தரமுல்லைப் பக்கம் டைப் ஆரைக் கொண்டுபோகலாம், சிநேகிதன் பக்கத்து சீட்டில் இருக்க வேண்டும். மகனைத் தனியாக விடச் சிநேகிதனுக்கே மனம் வராவிட்டால் சாவி சிநேகிதனின் பொக்கெட்டிலேயே இருக்கட்டும்.