கவைப் பலகைக்குக் கால் எங்கே வைப்பது?
மரவேலை: வாசகர் கேள்வி, தச்சர் பதில்

கேள்வி: ஐயா, 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் தோப்பில் மாமனார் வைத்த பலாமரம் சாய்ந்துவிட்டது. மறு வருடம் மில்லில் கொடுத்து, கிளை பிரியும் இடத்தோடு சேர்த்து 2 அங்குலக் கனத்தில் பலகையாக அறுத்து வாங்கினோம். நீளம் 7 அடி. ஒரு முனை 22 அங்குல அகலம். மறுமுனை இரண்டாகப் பிரிந்து 38 அங்குலம் வரை போகிறது. கவையிலிருந்து அடிப்பக்கமாக ஒரு விரிசலும் ஓடுகிறது. ஆறு பேர் சாப்பிடும் மேசை செய்ய ஆசை. எங்கள் ஆசாரி, "ஓரத்தையெல்லாம் நூல் பிடித்து அறுத்துச் சதுரமாக்கினால்தான் மேசையாகும்" என்கிறார். என்ன செய்யலாம்?
(வாசகி, பட்டுக்கோட்டை)

பதில்: முதலில் ஆசாரியின் கையில் இருக்கும் ரம்பத்தை வாங்கி வையுங்கள், அம்மா. 22 அங்குலத்துக்குச் சதுரம் பிடித்தால் உங்களுக்கு மிஞ்சுவது கடையில் கிடைக்கும் பலகை. எதிரெதிரே இரண்டு தட்டு வைத்தால் நடுவில் குழம்புச் சட்டிக்கு இடம் இருக்காது.

ஆனாலும் ஆசாரியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. இப்படிப்பட்ட பலகையில் எல்லோரும் மேலே தெரியும் வளைவைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். காலையும் அடிச்சட்டத்தையும் கடைசியில் யோசிக்கிறார்கள். நான் தலைகீழாகத்தான் தொடங்குவேன். யார் எங்கே உட்காருவார், அவர் முழங்கால் எங்கே போகும், எந்தக் கால் அதை இடிக்கும் என்பதெல்லாம் முடிவான பிறகுதான் ஓரத்தைத் தொடுவேன்.

பலகையைத் தரையில் படுக்க வைத்து, சுற்றிலும் சுண்ணக்கட்டியால் வரைந்துகொள்ளுங்கள். பலகையை எடுத்துவிட்டு, அந்தக் கோட்டைச் சுற்றி நாற்காலிகளைப் போடுங்கள். ஆளுக்கு 24 அங்குலம் வேண்டும். உங்கள் வீட்டில் இலை போடும் வழக்கம் இருந்தால், உண்மையாகவே இலையை அறுத்துப் போட்டுப் பாருங்கள். 7 அடியில் ஒரு பக்கத்துக்கு மூன்று பேர் சரியாக இருக்கும். குறுகிய பகுதியில் எதிரெதிரே இருவர் உட்கார்ந்தால் இலைகள் நெருக்கும். அந்த முனையைச் சுவர் ஓரமாகத் தள்ளி, அங்கே பிள்ளைகளை உட்கார வையுங்கள். கவையின் வாயில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். தம்ளர் விழுவதற்கென்றே இருக்கும் இடம் அது.

இனி கால். மூலைக்கு ஒன்றாக நான்கு கால் வேண்டாம். இந்தப் பலகையில் மூலை எங்கே இருக்கிறது? குறுக்குக் கட்டையில் நிற்கும் இரட்டைக் கால்களாக இரண்டு ஜோடி போதும். ஒரு ஜோடி குறுகிய முனையிலிருந்து ஓர் அடி உள்ளே. இன்னொன்று கவை பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால், பலகை முழு அகலத்தோடு இருக்கும் பகுதியில். கிளைகள் இரண்டும் அதற்கு அப்பால் நீட்டிக்கொண்டு நிற்கட்டும். மரத்தின் நார் கிளையோடுதான் ஓடுகிறது, அதனால் தாங்கும். ஆனால் இரண்டு கிளைகளும் தனித்தனியாக முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அடியில் ஒரு தேக்குச் சட்டத்தைக் குறுக்கே கொடுத்து இரண்டையும் கட்டிவிடுங்கள்.

கட்டுவதிலும் கவனம் வேண்டும். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, அகலவாக்கில்தான் அசையும். ஐப்பசி மழையில் உப்பும், கத்திரி வெயிலில் சுருங்கும். 30 அங்குல அகலத்துக்குக் கால் அங்குலம் வரைகூட வித்தியாசம் வரலாம். சட்டத்தில் திருகாணிக்கு வட்டத் துளை போட்டு, பசையும் தடவி இறுக்கினால், பலகைக்கு வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நடுத் திருகாணி மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். மற்றவற்றுக்கு நீள்துளை, அடியில் வாஷர். பசை வேண்டாம்.

விரிசலை மக்கால் (துளை அடைக்கும் பசையால்) அடைத்து மறைக்க வேண்டாம். அதன் குறுக்கே, இடுப்புச் சிறுத்து இரு பக்கமும் விரிந்த வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டைகளைப் பதியுங்கள். வாகை அல்லது தேக்கு போதும். கட்டையின் நார் விரிசலுக்குக் குறுக்கே ஓட வேண்டும். விரிசல் ஓடும் திசையிலேயே நார் இருந்தால் இடுப்பு முறிந்துவிடும். பலகைக் கனத்தில் பாதி ஆழம் போதுமானது.

இந்தக் கட்டையை உலகறியச் செய்தவர் அமெரிக்கரான ஜார்ஜ் நகாஷிமா. பட்டை ஓரத்தை அப்படியே விட்ட மேசை என்றாலே அவர் பெயர்தான் வரும். கட்டடக் கலைஞரான அவர் 1930களின் இறுதியில் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டும் பணியை மேற்பார்த்தார். சுந்தரானந்தா என்ற பெயரையும் அங்கேதான் பெற்றார். அந்த விடுதிக்கான மரச்சாமான்களையும் அவர் வடிவமைத்தார். உங்கள் ஆசாரியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்.

ஓரத்துப் பட்டையை விட்டு வைக்காதீர்கள். எப்படியும் உதிரும், அடியில் பூச்சி தங்கும். மழுங்கிய உளியால் மெதுவாகச் சுரண்டி, மேடு பள்ளத்தை அப்படியே விட்டு, உப்புத்தாள் மட்டும் போடுங்கள். ஓரத்தில் வெளிறிய பகுதியில் ஊசித்துளையும் மாவுபோன்ற தூளும் தெரிந்தால், அங்கே மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலைப் பூசிக் காயவிட்ட பிறகுதான் மற்ற வேலை.

பலாவின் மஞ்சள் நிறம் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாகிவிடும். அதைப் பார்த்துப் பாலிஷ்காரரைத் திட்ட வேண்டாம்.

கேள்வி: புதிதாக வெட்டிய தூங்குமூஞ்சி மரத்தின் பலகை மலிவாகக் கிடைக்கிறது. உடனே மேசை செய்யலாமா?
(வாசகர், பொள்ளாச்சி)

பதில்: வாங்குங்கள், செய்யாதீர்கள். அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. தூங்குமூஞ்சி மற்ற மரங்களைவிடக் குறைவாகச் சுருங்கும் என்பது உண்மைதான், அதற்காக ஈரத்தோடு வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. ஈரம் வெட்டுமுனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும். அதனால் இரு முனைகளிலும் இன்றைக்கே மெழுகோ பழைய பெயின்ட்டோ பூசிவிடுங்கள். நிழலில், தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், பலகைகளுக்கு இடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து அடுக்குங்கள். ரீப்பர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக நேர்க்கோட்டில் வர வேண்டும். தவறினால் பலகை அந்த இடத்தில் வளையும். காய்ந்ததா என்று பார்க்க ஈரமானி இல்லையென்றால், ஒரு துண்டை அறுத்து அதே அடுக்கில் வைத்து, அவ்வப்போது மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் அந்தத் துண்டு காய்ந்துவிட்டது. சிறு துண்டு சீக்கிரம் காயும், பெரிய பலகைக்கு மேலும் சில மாதம் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு பலகைக்கு நடுவே நீல ரெசின் (ஊற்றியபின் இறுகிவிடும் பிசின்) ஊற்றி ஆறு ஓடுவதுபோல் செய்கிறார்களே, உங்கள் கருத்து?
(வாசகர், சேலம்)

பதில்: செய்யத் தெரிந்தவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. மரம் காயாமல் ஊற்றினால் ரெசினை விட்டுப் பிரிந்துகொள்ளும். கனமாக ஒரே தடவையில் ஊற்றினால் சூடேறிக் குமிழ் விடும். சுடச்சுட இட்லிப் பாத்திரத்தை அதன்மேல் வைத்தால் தழும்பு விழும். பொந்தை அடைக்க மட்டும் கொஞ்சம் ரெசின், அதுவும் நிறமில்லாமல், வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எண்ணெய் பூச்சா, வார்னிஷா? அடிப்பக்கமும் பூச வேண்டுமா?
(வாசகி, காரைக்குடி)

பதில்: எது பூசினாலும் அடிப்பக்கமும் பூசுங்கள். மேலே மட்டும் பூசினால் இரு பக்கமும் ஈரத்தை ஒரே அளவில் வாங்காது, பலகை குழிந்துவிடும். நான் ஆளிவிதை எண்ணெய் பக்கம். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி பூசிக்கொள்ளலாம், வார்னிஷில் அது நடக்காது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டுப் பிறகு தூக்கிப் போடுங்கள்.