பழைய பிக்அப்பை விற்றுவிட்டுப் புதியது வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 1996-ஆம் ஆண்டில் தயாரான டீசல் பிக்அப். நான்கு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் இன்ஜினை ஒருமுறைகூடப் பிரித்ததில்லை. பட்டறையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டருக்குள் தினமும் பலமுறை சரக்கு கொண்டு சேர்ப்பதுதான் அதன் வேலை; தொலைதூரம் போவது அரிது. இதைக் கொடுத்துவிட்டுப் புதிய டீசல் வண்டி வாங்கலாம் என்கிறான் மகன். இப்போது வருபவை வெறும் தகரமும் கம்ப்யூட்டரும்தான், பத்து வருடம் தாங்காது என்கிறார் என் மெக்கானிக். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் மகனும் மெக்கானிக்கும் ஒரே கேள்விக்கு இரு விடைகள் சொல்வதாக நீங்கள் எண்ணுகிறீர்கள். அவர்கள் பேசுவதோ இரு வேறு கேள்விகளைப் பற்றி. ஒரு வண்டி எத்தனை முறை வழியில் நிற்கிறது என்பது மகனின் கேள்வி. நின்றுபோன வண்டியை மறுபடி ஓட வைப்பது எவ்வளவு எளிது என்பது மெக்கானிக்கின் கேள்வி. முதல் பத்து ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், இன்றைய பிக்அப் பொதுவாகப் பழையதைவிடக் குறைவாகவே பழுதாகிறது. இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருப்பது என்றால் பழையதைக் காப்பாற்றுவதே எளிது. ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஆண்டுக் கணக்கு அல்ல, ‘ஐந்தாறு கிலோமீட்டருக்குள்’ என்ற செய்திதான். அந்த ஓட்டத்துக்குப் புதிய டீசல் வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்கான காரணத்தைச் சொல்லும் முன், பழைய வண்டிகளின் பெருமையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உங்களுடையதோடு அதே ஆண்டில் ஆலையை விட்டு வெளிவந்த வண்டிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. துருவேறியவை, இன்ஜின் பிடித்துக்கொண்டவை, பழுதுபார்க்கக் கட்டுப்படியாகாமல் உடைத்துப் போடப்பட்டவை ஆகியவற்றைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. நம் கண்ணில் படுபவை எஞ்சியவை மட்டுமே. அவற்றை வைத்து அந்தக் காலத்து வண்டிகள் அனைத்தையும் எடைபோடுவது சரியாகாது. எழுபதுகளின் பெட்ரோல் பிக்அப்களில் பிளக்குக்கான மின்பொறியை உரிய நேரத்தில் எழச்செய்யும் பாயிண்டையும் ஸ்பார்க் பிளக்கையும் அடிக்கடி மாற்றி, கார்புரேட்டரைப் பருவத்துக்குப் பருவம் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. அக்காலத்து வண்டிகள் பலவற்றில் தூரமானியில் ஐந்து இலக்கங்களே இருந்தன. 99,999-ஐத் தாண்டினால் அது மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கிவிடும். அதற்கு மேல் ஓர் இலக்கம் தேவைப்படும் என்று தயாரித்தவர்களே கருதவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உறுதிக்குப் பெயர்போன வண்டிகளுக்கும் இது பொருந்தும். 1995 முதல் 2000 வரை தயாரான டொயோட்டா டகோமா பிக்அப்களின் சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், ஓட்டை விழும் அளவுக்குத் துருப்பிடித்ததால், 2008-இல் அந்நிறுவனம் அமெரிக்காவில் உத்தரவாதக் காலத்தை நீட்டித்ததோடு, மோசமாகப் பாதிக்கப்பட்ட வண்டிகளைச் சந்தை மதிப்பைப்போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஃபோர்டு நிறுவனத்தின் பெரிய பிக்அப்களில் 2003 முதல் வந்த 6.0 லிட்டர் டீசல் இன்ஜின், ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்மூடிக்கும் சிலிண்டர்களுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) பழுதுக்கும் வெளியேற்றப் புகையைக் குளிர்விக்கும் கூலரின் பழுதுக்கும் பெயர்பெற்றது. அதற்கும் இப்போது இருபது வயது கடந்துவிட்டது.

ஆயினும் உங்கள் வண்டியின் நீண்ட ஆயுளுக்குத் தற்செயல் மட்டும் காரணமல்ல. அந்தத் தலைமுறை டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு மின்சாரத்தின் தேவை மிகக் குறைவு. எரிபொருளை அளந்து அனுப்புவது முழுக்க இயந்திரத்தாலான பம்ப். ஏறத்தாழ 100 முதல் 150 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) திறந்துகொள்ளும் எளிய நாஸில். கொஞ்சம் தரம் குறைந்த டீசலையும் பொறுத்துக்கொள்ளும் இடைவெளிகள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த இன்ஜினிடம் கேட்கப்பட்ட வேலை அதன் பருமனுக்குக் குறைவு. தொண்ணூறுகளின் டொயோட்டா ஹைலக்ஸில் டர்போ (கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் அழுத்தித் திணிக்கும் கருவி) இல்லாத 2.8 லிட்டர் டீசல் இன்ஜின் தந்தது சுமார் 90 குதிரைத்திறன். அதே 2.8 லிட்டர் கொள்ளளவில், டர்போவுடன், 2020-க்குப் பிந்தைய ஹைலக்ஸ் 200 குதிரைத்திறனைத் தாண்டுகிறது. அவ்வளவு வலுவும் அதே பருமனுள்ள இன்ஜினுக்குள் இருந்துதான் வருகிறது என்னும்போது, பிஸ்டன், பேரிங், ஹெட், டர்போ அனைத்தும் தாங்கவேண்டிய வெப்பமும் அழுத்தமும் கணிசமாகக் கூடுகின்றன. உலோகமும் ஆயிலும் மேம்பட்டிருப்பதால் அது தாங்குகிறது. ஆனால் ஆயில் மாற்றத் தவறினாலோ கூலண்ட் குறைந்தாலோ, பழைய இன்ஜின் பொறுத்துக்கொண்ட அளவுக்கு இது பொறுக்காது.

இன்றைய டீசல் இன்ஜின்களில் உள்ள காமன் ரெயில் அமைப்பும், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து உயரழுத்தத்தில் டீசல் தரும் முறையும், அப்படித்தான். 2000 பாரையும் தாண்டும் அழுத்தத்தில் வேலை செய்யும் பம்ப்பிலும் இன்ஜெக்டரிலும் பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. டீசலில் தண்ணீர் கலந்துவிட்டால் பம்ப் தேய்ந்து உதிரும் உலோகத்துகள் டேங்க் முதல் இன்ஜெக்டர் வரை பரவி, முழு எரிபொருள் அமைப்பையும் மாற்ற வேண்டிய நிலை வரலாம். பழைய வண்டி முதலில் புகைவிடும், பிறகு இழுவை குறையும், அதன் பின்னரே நிற்கும். உரிமையாளருக்கு மாதக்கணக்கில் அவகாசம் தரும். புதியது ஆண்டுக்கணக்கில் ஒரு குறையுமின்றி ஓடிவிட்டு, ஒருநாள் பெரிய செலவோடு நிற்கும். உங்கள் மெக்கானிக்கின் அச்சத்துக்கு அடிப்படை இதுவே என்று எண்ணுகிறேன்.

இனி உங்கள் ஓட்டத்துக்கு வருவோம். இன்றைய டீசல் வண்டியின் சைலன்சருக்கு முன்னால், புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. பட்டறைகளில் அதை டிபிஎஃப் என்பார்கள். அதில் சேரும் கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்கினால்தான் இன்ஜினால் மூச்சுவிட முடியும். அதற்கு வடிகட்டியின் வெப்பம் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸை எட்டி, பத்து இருபது நிமிடங்கள் அந்த நிலையிலேயே இருக்க வேண்டும். ஐந்து கிலோமீட்டர் போய் நிறுத்தி, சரக்கை இறக்கி, மறுபடி கிளம்பும் வண்டியில் இன்ஜின் முழுமையாகச் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. எரிப்பைத் தொடங்கும் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் பாதியில் கைவிட நேரிடுகிறது. அதுமட்டுமன்றி, வெப்பத்தைக் கூட்டுவதற்காகப் பல இன்ஜின்களில் கூடுதல் டீசல் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுகிறது. எரியாத பகுதி சுவர்வழியே வழிந்து இன்ஜின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. இப்படியே சில ஆண்டுகள் ஓடினால் வடிகட்டி அடைத்துக்கொள்வதும் பேரிங் தேய்வதும் வண்டியின் தரக்குறைவால் வந்த வினையென்று சொல்ல முடியாது. வேலைக்கும் வண்டிக்கும் பொருத்தமில்லை என்பதே காரணம்.

வடிவமைப்பே தவறிய இடங்களும் உண்டு. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை ஆஸ்திரேலியாவில் விற்கப்பட்ட டொயோட்டாவின் ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகளின் இந்த வடிகட்டி அமைப்பு குறைபாடுடையது என்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. அங்கு வண்டிகள் தடுமாறியது குறுகிய ஓட்டத்தில் அல்ல, நெடுஞ்சாலை வேகத்தில். உறுதிக்கு உதாரணமாகச் சொல்லப்படும் வண்டிக்கே இது நேர்ந்தது என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

புகையிலுள்ள நச்சு வாயுவைக் குறைக்க யூரியாக் கரைசல் ஊற்றும் அமைப்புள்ள வண்டிகளில் பம்ப், ஹீட்டர், சென்சார் எனப் பழுதாவதற்கு இன்னும் பல பாகங்கள் உள்ளன. கரைசல் தீர்ந்துவிட்டால் இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே விடாதபடி பல வண்டிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன. இவையெல்லாம் காற்றைத் தூய்மையாக வைக்க வந்தவை, அவசியமானவை. வடிகட்டியைக் கழற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம், எங்கும் அது பிறர் மூச்சுக்குச் செய்யும் தீங்கு.

அப்படியானால் எல்லாப் பழியும் கம்ப்யூட்டருக்குத்தானா? இல்லை, இந்த இடத்தில் உங்கள் மெக்கானிக்கோடு நான் மாறுபடுகிறேன். மின்னணு எரிபொருள் கட்டுப்பாடு வந்த பிறகே பெட்ரோல் வண்டிகள் குளிரிலும் மழையிலும் முதல் சாவியிலேயே கிளம்பத் தொடங்கின. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களிலும் சிறு பிக்அப்களிலும் பழுதுக் குறியீட்டைச் சேமிக்கும் பொதுவான அமைப்பு கட்டாயமானது. ஊகத்தில் பாகம் பாகமாக மாற்றிப் பார்க்கும் வீண்செலவை அது வெகுவாகக் குறைத்தது. அண்மைக் காலத்தின் மிகப் பெரிய இன்ஜின் பழுதுகளும் பழைய வகைப் பழுதுகளே. 2024-இல் டொயோட்டா டண்ட்ரா உள்ளிட்ட சுமார் ஒரு லட்சம் வண்டிகள் அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்டதற்குக் காரணம், இன்ஜினைக் கடைந்தபோது உள்ளே தங்கிவிட்ட உலோகத்துகள். 2025-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8 இன்ஜின் கொண்ட சுமார் 6 லட்சம் பிக்அப்களையும் பெரிய வண்டிகளையும் அங்கே திரும்ப அழைத்தது, கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு ஆகியவற்றின் தயாரிப்புக் குறையால்.

கம்ப்யூட்டர் உண்மையில் தொல்லையாவது பதினைந்து ஆண்டுகளுக்குப் பின். தேய்ந்த ஷாஃப்டை லேத்தில் கடைந்துகொள்ளலாம். கமான் பட்டையை வேறு வண்டியிலிருந்து பொருத்திக்கொள்ளலாம். தயாரிப்பு நின்றுபோன ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை எந்தக் கொல்லனாலும் அடித்துத் தர முடியாது. கிடைத்தாலும், அந்த வண்டியின் எண்ணோடு அதை இணைக்கும் மென்பொருள் வேண்டும்.

நம்பகம் என்பதில் பாதுகாப்பையும் நான் சேர்த்தே எண்ணுகிறேன். 1996-இன் பிக்அப்பில் காற்றுப்பை இருந்தால் அதிகம். வளைவில் வண்டி சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்து நேர்ப்படுத்தும் அமைப்பு அநேகமாக இருக்காது. நகருக்குள் மெதுவாக ஓடும் உங்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் மகன் அதை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகப் போகிறார் என்றால், புதியதை வாங்க இந்த ஒரு காரணமே போதுமானது.

ஆகவே முதலில் உங்கள் வண்டியை உயர்த்தி நிறுத்தி, சேஸிஸை முழுநீளத்துக்கும் பார்க்கச் சொல்லுங்கள். பின் சக்கரங்களுக்கு மேலுள்ள வளைவு, கமான் பட்டை மாட்டியிருக்கும் இடம், குறுக்குச் சட்டங்கள் ஆகியவற்றைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தாலோ தகடு தகடாக உரிந்தாலோ, இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுமை ஏற்றுவதை நிறுத்திவிடுங்கள். சேஸிஸ் திடமாக இருந்தால் பிரேக் குழாய்கள், ஸ்டியரிங் இணைப்புகள், ரப்பர் ஹோஸ்கள், ரேடியேட்டர், வெடித்துப்போன ஒயர்கள் ஆகியவற்றைப் புதிதாக்கி, வண்டியை அதே வேலையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவு புதிய வண்டியின் விலையில் சிறு பகுதிக்குள் அடங்கிவிடும்.

வாங்கியே தீர வேண்டுமெனில், டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினைத் தேடுங்கள். எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் வகையில், காற்று நுழையும் உள்வால்வுகளில் கரி படியும். வால்வுக்கு முன்னாலேயே தெளிக்கும் பழைய முறையில், அல்லது இரண்டையும் கலந்து பயன்படுத்தும் முறையில், அந்தத் தொல்லை இல்லை. புதிதாக அறிமுகமான இன்ஜினையோ கியர்பாக்ஸையோ முதல் ஆண்டிலேயே வாங்காதீர்கள். சந்தையில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடியிருக்கட்டும். உங்களுடையதைப் போன்ற குறுகிய ஓட்டத்துக்கு மின்சாரப் பிக்அப்பும் நன்றாகவே பொருந்தும். பாரம் ஏற்றினால் தூரம் குறையும் என்பது ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு பொருட்டே அல்ல.

மகன் டீசலில்தான் உறுதியாக நிற்கிறார் என்றால், வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் நிற்காமல் நல்ல வேகத்தில் ஓட்டும் பொறுப்பை அவரே ஏற்க வேண்டும். வடிகட்டிக்கு ஏற்ற, சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்ற வேண்டும். கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருக்கும். குறுகிய ஓட்டமும் பாரமும் அதில்தான் அடங்கும் என்பதால் ஆயில் மாற்றும் கெடுவை அதன்படியே வைத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாம் என்று விற்பனையாளர் சொன்னாலும், பாரம் சுமக்கும் வண்டியில் ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவதே நல்லது. எதுவானாலும், சேஸிஸ் சோதனையின் முடிவு கைக்கு வரும்வரை புதிய வண்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.