இங்கிலாந்தில் 90 பேர் வாழும் பாரிஷை யார் நிர்வகிக்கிறார்கள்?

பாரிஷ் என்றதும் சர்ச் பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) என்று நினைக்க வேண்டாம். இங்கே அது ஊர் நிர்வாகத்தின் மிகச் சிறிய அலகு. 1894 சட்டம் ஊர் நிர்வாகத்தைச் சர்ச்சிடமிருந்து பிரித்துவிட்டது. எல்லை மட்டும் பல இடங்களில் இன்னும் பழைய ஓடை, வேலி வழியேதான் போகிறது.

90 பேருக்குப் பெரும்பாலும் கவுன்சில் இருக்காது (இருந்தால் குறைந்தது 5 உறுப்பினர் வேண்டும்). வாக்காளர்கள் கூடும் பாரிஷ் கூட்டம்தான் நிர்வாகம். ஆண்டுக்கு இரண்டு தடவையாவது கூட வேண்டும், அதில் ஒன்று மார்ச் 1 முதல் ஜூன் 1க்குள். 7 முழு நாள் முன்பே அறிவிப்பு ஒட்ட வேண்டும். மாலை 6 மணிக்கு முன் தொடங்கக் கூடாது. வேலைக்குப் போகிறவர்களும் வர முடிகிற நல்ல விதி.

மக்கள்தொகை தேடுவோர் இடறுவது இங்கேதான்: 2011 கணக்கெடுப்பில் 100 பேருக்குக் குறைவான பல பாரிஷ்களுக்குத் தனி எண் கிடையாது, பக்கத்துப் பாரிஷின் எண்ணில் சேர்ந்திருக்கும்.