ஓய்வுபெற்ற பொது சுகாதார மருத்துவரின் வீட்டு வாழ்க்கை எப்படி இருக்கும்?

என் மாமனார் அப்படி ஒருவர். மொரிஷியஸில் காத்ர் போர்ன் பக்கம் வீடு. அரசு சுகாதாரத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து 2006 கடைசியில் ஓய்வு பெற்றார். நான் கும்பகோணத்துக்காரி, 2004-ல் கல்யாணமாகி இங்கே வந்தவள், அதனால் மருமகள் கண்ணில் பட்டதைத்தான் எழுத முடியும்.

டாக்டர் வீடு என்றால் வாசல் நிறைய செருப்பு கிடக்கும், கிளினிக் வருமானம் வரும் என்று நினைத்துத்தான் என் வீட்டில் பெண் கொடுத்தார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. அவர் ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டே நான் பார்த்ததில்லை. நான் வந்த நாலாம் நாள் பையோடு ஒருவர் வந்து, இந்தியாவிலிருந்து வந்தவர் யார், காய்ச்சல் உண்டா என்று விசாரித்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். புதுப்பெண்ணை இப்படியா என்று எனக்குக் கண்ணில் தண்ணீர். மாமா சிரிக்கிறார்: "மலேரியா இருக்கிற ஊரிலிருந்து யார் வந்தாலும் இதுதாம்மா. அந்த ஆளை அனுப்பினதே என் ஆபீஸ்தான்." (மெட்ராஸில் படித்தவர், அதனால் என்னோடு தமிழ். மற்றவர்களுக்கு வீட்டில் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல், கோயிலில் மட்டும் தமிழ்.)

அந்தக் கெடுபிடிக்குக் காரணம் அப்புறம்தான் புரிந்தது. 1973-ல் இந்தத் தீவில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயல் அடித்தது, அதற்குப் பின்னால் மலேரியா திரும்பி வந்துவிட்டது. மொட்டை மாடிகளில் தேங்கிய மழைத்தண்ணீரிலேயே கொசு வளர்ந்ததாம். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 1997-ல்தான். 1975-ல் மலேரியா திரும்பி வந்தபோது என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, கல்யாணமான புதுசு. மாமா ராத்திரி எத்தனை மணிக்கு வருவார் என்றே தெரியாது, மலேரியாதான் என் சக்களத்தி என்று இன்றைக்கும் சொல்வார்.

எண்ணெய் விஷயத்திலும் அத்தைக்கு அவர்மேல் கோபம். 1987-ல் எடுத்த கணக்கெடுப்பில் இங்கே சர்க்கரை நோய் அதிகம் என்று தெரிந்தது. அந்தச் சமயத்தில்தான் அரசு, ரேஷன் சமையல் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு மாற்றியது. மாமாவுக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் தெருவில் எல்லாரும் அவரைத்தான் பிடித்துக்கொண்டார்களாம். 1992-ல் திரும்ப எடுத்தபோது மக்கள் ரத்தத்தில் கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. அதற்கு யாராவது வந்து நன்றி சொன்னார்களா என்று கேட்டேன். வராத மாரடைப்புக்கு யாரம்மா நன்றி சொல்வார்கள் என்றார். சர்க்கரை நோய் மட்டும் குறையவில்லை. அவருக்கே இருக்கிறது, காவடி அன்றைக்கு ஏழு கறி (எல்லாம் சைவம்தான்) சாப்பாட்டில் பாயசம் வரும்போது முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

2006 தொடக்கத்தில் சிக்குன்குனியா வந்தபோது மாமா ஊரார் தோட்டத்தையெல்லாம் சோதனை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கே வந்துவிட்டது, முட்டி வலி ஆறு மாசம் போகவில்லை. கொசுப்புழு இருந்தது நான் ஜன்னலில் வைத்திருந்த மணிபிளான்ட் பாட்டிலில்! திட்டவில்லை, தன் வீட்டைப் பார்க்காமல் விட்டோமே என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

இப்போது எண்பதை நெருங்குகிறார். மழை விட்டதும் துடைப்பத்தோடு மாடிக்கு ஏறுவார். என் கணவர் ஏணியை ஒளித்து வைத்தார். பக்கத்து வீட்டு ஏணியை வாங்கிவந்துவிட்டார், போகிற போக்கில் அவர்கள் தொட்டியையும் கவிழ்த்துவிட்டு.