எந்தத் தண்ணீரிலும் 7 காட்டும் பி.எச். மீட்டர்

கேள்வி: சாயப்பட்டறை சுத்திகரிப்புத் தொட்டியில் பி.எச். அனலைசர் (தண்ணீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் மீட்டர்) மாட்டி எட்டு மாதம் ஆகிறது. மீட்டரை ஆபீஸ் அறைக்கு மாற்றும்போது எலக்ட்ரீஷியன் புரோப் கேபிளை வெட்டி, சாதாரண ஒயர் சேர்த்து நீட்டினார். அதிலிருந்து எந்தத் தண்ணீரில் விட்டாலும் 7தான். மீட்டரை மாற்றித் தருவார்களா? (ஈரோடு)

பதில்: மாட்டார்கள். மீட்டரில் கோளாறும் இருக்காது. தண்ணீரில் இருக்கும் புரோப், அதாவது எலக்ட்ரோடு, தருவது மிகச் சிறிய மின்னழுத்தம்: 25 டிகிரியில் ஒரு பி.எச்.சுக்குச் சுமார் 59 மில்லிவோல்ட், 7-ல் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஜாயின்ட்டில் ஈரம் இறங்கி ஷார்ட் ஆனாலும், எலக்ட்ரோடு நுனியிலுள்ள கண்ணாடிக் குமிழ் விரிசல் விட்டாலும் வருவது பூஜ்யம். அதை மீட்டர் 7 என்று படிக்கிறது. புரோப் கேபிளை வெட்டி ஒட்டவே கூடாது. மீட்டரைத் தொட்டிப் பக்கத்திலேயே மாட்டி, அதிலிருந்து 4-20 மில்லிஆம்ப் சிக்னலை (ரீடிங்கை மின்னோட்டமாக அனுப்பும் லூப்) ஆபீசுக்கு இழுங்கள். அந்த சிக்னல் கேபிளின் ஷீல்டு ஒயரை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். சிக்னல் கேபிளை மோட்டார் கேபிளோடு ஒரே பைப்பில் விடாதீர்கள்.

இதில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. எங்கள் குடியிருப்பின் தண்ணீர் பிளான்ட்டுக்கு அனலைசர் வாங்கியவன் நான்தான். 'ஒரு வருட வாரன்டி' என்றார்கள். ஐந்தாம் மாதம் எலக்ட்ரோடு போனது. பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், எலக்ட்ரோடுக்கு வாரன்டி கிடையாது என்று இருந்தது. புதியது வாங்க மீட்டர் விலையில் பாதி கொடுத்தேன். எலக்ட்ரோடு தேயும் பொருள், நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஒன்றிரண்டு வருடம்தான் வரும் என்பது விற்பவருக்குத் தெரியும். அதை வாங்கும்போதே சொல்லாமல் பெட்டியை மட்டும் காட்டுவது ஏமாற்றுதான். கொட்டேஷனிலேயே மாற்று எலக்ட்ரோடின் விலை, கேபிள் நீளம், பி.எச். 4, 7 பஃபர் கரைசல்கள் (மீட்டரைச் சரிபார்க்கும், பி.எச். தெரிந்த கரைசல்கள்), மாட்டியபின் அவற்றை வைத்துக் கேலிபிரேஷன் செய்து தருவது யார் என எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். அப்புறம், எலக்ட்ரோடைக் காய விடாதீர்கள். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள், டிஸ்டில்டு வாட்டரில் வேண்டாம்.

கேள்வி: 24 வோல்ட் டெர்மினலில் தெரியாமல் 230 வோல்ட் கொடுத்துவிட்டோம். மேனுவலைப் பிரிக்கவில்லை. வாரன்டி உண்டா? (கரூர்)

பதில்: கிடையாது. டெர்மினல் படம் மேனுவலில் இருந்திருக்கும். பிரிக்காதது உங்கள் தவறு.

கேள்வி: ஆர்.ஓ. பிளான்ட் மீட்டர் டி.டி.எஸ். 60 என்கிறது. பயமில்லாமல் குடிக்கலாமா? (சென்னை)

பதில்: அது கரைந்த உப்பின் அளவைத்தான் சொல்லும். கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. லேபில் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: டி.டி.எஸ். அனலைசரில் எண் சரியாக வருகிறது, பி.எல்.சி.யில் (பிளான்ட்டை இயக்கும் கன்ட்ரோலர்) ஒன்றும் வரவில்லை. (ஓசூர்)

பதில்: அனலைசரிலிருந்து பி.எல்.சி.க்குப் போகும் 4-20 மில்லிஆம்ப் லூப்பில் மல்டிமீட்டரைத் தொடராக வையுங்கள். ரீடிங் பூஜ்யமாக இருந்தாலும் 4 மில்லிஆம்ப் ஓட வேண்டும். அதுவும் இல்லையென்றால் ஒயர் அறுந்திருக்கும், அல்லது லூப்புக்கு 24 வோல்ட் சப்ளை போகவில்லை. சப்ளையும் சிக்னலும் அதே இரண்டு ஒயரில் போகும் கருவி என்றால் அந்த சப்ளையை வெளியிலிருந்து நீங்கள்தான் தர வேண்டும்.

கேள்வி: கேன் தண்ணீர் தொழில் செய்கிறேன், வீட்டுக்கு அதுதான் வருமானம். புதியது என்று விற்ற அனலைசரைத் திறந்தால் புரோப் காய்ந்து உப்புப் பூத்திருந்தது, டெர்மினல் ஸ்குருவெல்லாம் தேய்ந்திருந்தது. கடைக்காரர் போனையே எடுப்பதில்லை. (திருச்சி)

பதில்: உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. பழையதைப் புதியது என்று உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். கருவியை இனி இயக்காதீர்கள். புரோப், ஸ்குரு, சீரியல் எண் மூன்றையும் படம் எடுத்து, பில்லோடு எழுத்தில் ஒரு புகார் அனுப்புங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய விலை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 'தொழிலுக்கு வாங்கினாய், நீ நுகர்வோர் இல்லை' என்று எதிர்த்தரப்பு சொல்லும். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவரையும் 2019 சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.